சம்பள விதியை மாற்றுங்கள், ஏப்ரல் 1-ல் மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கியது நல்ல வேலை என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டுரை முழுக்க ஒரு பக்கம் தொழிற்சங்கம், மறுபக்கம் பெரிய கம்பெனி. இருபது இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு மாதாமாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் போட அல்லாடுகிறவர்கள் அதில் எங்கேயும் தென்படவில்லை. கோவையில் பம்ப்செட் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை என்னுடையது. எச்.ஆர். என்று தனியாக ஆள் கிடையாது. நான், பாதி நாள் வந்துபோகும் கணக்காளர், அப்புறம் ஆடிட்டர், அவ்வளவுதான்.

என் குறை தேதியைப் பற்றியது. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அந்த நான்கு தொகுப்புகளுக்கும் அன்றைக்கே அறிவிப்பு, அன்றைக்கே அமல். ஒரே மாதச் சம்பளத்தில் இருபது நாள் பழைய கணக்கு, மிச்சம் பத்து நாள் புதிய கணக்கு. மத்திய அரசின் வரைவு விதிகளே டிசம்பர் கடைசியில்தான் வெளிவந்தன. "2019, 2020-லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம்தானே, ஐந்து வருடமாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். 2021 ஏப்ரலில் வருகிறது என்றார்கள், வரவில்லை. 2022 ஜூலை என்று பேச்சு அடிபட்டது, அதுவும் இல்லை. புலி வருது கதையாகி, எல்லோரும் மறந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை புலி நிஜமாகவே வந்துவிட்டது.

கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மொத்தம் 30,000 ரூபாய் வாங்கும் ஒரு டர்னர். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, மீதி 17,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரிந்திருக்கிறது. புதிய வரையறைப்படி இந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டிய 2,000 ஊதியத்தில் சேரும், ஆக ஊதியம் 15,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் இந்த ஊதியத்தில் 12 சதவீதம் என்பதால் 1,560 ரூபாய் 1,800 ஆகிறது. என் பங்கும் அதே அளவு ஏறுகிறது. ஏற்கெனவே 15,000 உச்சவரம்புக்கு பி.எஃப். கட்டிவருபவருக்குக் கைக்கு வரும் பணம் குறையாது என்று தொழிலாளர் அமைச்சகம் டிசம்பரில் விளக்கம் கொடுத்தது உண்மைதான். அந்த வரம்புக்குக் கீழே இருப்பவருக்குக் குறையும்.

அந்த 240 ரூபாயை அவருக்கு விளக்குவது யார்? நான்தான். "உங்கள் கணக்கில்தான் சேருகிறது, என் பங்கும் கூடச் சேருகிறது" என்று எத்தனை தடவை சொன்னாலும், முதலாளி ஏதோ பிடித்துக்கொண்டார் என்றுதான் முதலில் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. 21,000 வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு வெளியே இருந்த இதே ஆள், புதிய வரையறையை அங்கும் பொருத்தினால் 15,000 ஊதியக்காரராகத் திரும்ப உள்ளே வருகிறார், அதற்கு அவரிடம் 0.75 சதவீதம், என்னிடம் 3.25. பணிக்கொடையோ (கிராஜுவிட்டி) கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துப் போடுவது. பத்து வருட சர்வீஸுக்கு 75,000 என்று நான் மனதில் வைத்திருந்த தொகை, போன வருடங்களுக்கும் சேர்த்தே, 86,500-ஐத் தாண்டிவிடுகிறது.

இதெல்லாம் தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம், கொடுக்க மாட்டேன் என்று இந்தக் கடிதத்தை எழுதவில்லை. சம்பளத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அலவன்ஸ் என்று பெயர் வைத்து பி.எஃப்.பைக் குறைத்தவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படிகளும் பி.எஃப்.க்குச் சேரும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்க வேண்டும் என்கிற விதியும் எனக்குப் பிடித்தே இருக்கிறது. (எங்களிடம் ஜாப் ஒர்க் வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கும் எங்களுக்குப் பணம் தர 45 நாள் கெடு சட்டத்தில் இருக்கிறது, அதை மீறினால் அந்தச் செலவை வருமான வரியில் அந்த ஆண்டு கழிக்க முடியாது என்றும் வந்தாகிவிட்டது, ஆனாலும் பில் போட்டு மூன்று மாதம் ஃபோன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். அது வேறு கடிதம்.)

இதே மத்திய அரசு வருமான வரிச் சட்டத்தை எப்படி மாற்றியது? புதிய சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல், அமல் 2026 ஏப்ரல் 1. நடுவில் ஏழு மாதத்துக்கு மேல். சாஃப்ட்வேர்காரர் மாற்றிக்கொள்ள, ஆடிட்டர் படித்துக்கொள்ள, நாங்கள் கேள்வி கேட்க நேரம் கிடைத்தது. டி.டி.எஸ்.ஸுக்கு (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரிக்கு) கொடுக்க முடிந்த அவகாசத்தை பி.எஃப்.க்கும் பணிக்கொடைக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

சலுகையிலும் சின்னவனை மறந்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு வருடம், எங்களைப் போன்ற உற்பத்தித் துறையில் நான்கு வருடம் கிடைக்கும். ஆனால் 50 பேருக்குக் கீழே இருக்கும் இடம் குறைந்தது இரண்டு பேரையாவது சேர்க்க வேண்டும். எனக்கு ஒரு ஆள்தான் தேவை என்றால் ஒன்றுமில்லை!

நான் கேட்பது அதிகமில்லை. சம்பளம், பிடித்தம், பணிக்கொடை சம்பந்தமான எந்த மாற்றமும் ஏப்ரல் 1-ல் மட்டும் அமலாகட்டும், இறுதி விதிகள் அதற்கு மூன்று மாதம் முன்பாவது வரட்டும். 50 பேருக்குக் கீழே உள்ள இடங்களில் முதல் ஆறு மாதக் கணக்குப் பிழைக்கு வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அபராதத்தை விட்டுவிடட்டும். பி.எஃப். தாமதமானால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதத்துக்கு 1 சதவீதம் இழப்பீட்டுத் தொகை என்பது வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனுக்குச் சரி, விதி புரியாமல் முழிப்பவனுக்கும் அதேதானா?

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. 15,000, 22,000, 30,000 என்று மூன்று சம்பளப் பட்டியலைப் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் போட்டுக் காட்டி ஒரு பக்கம் தமிழில் வெளியிடுங்கள். பட்டறைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு பட்டறை உரிமையாளர்,
கோவை