மூன்று முத்திரை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சனிக்கிழமை போனில் நீ அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கேட்டால் நீயும் அதையே சொல்.

உனக்கு எச்-இண்டெக்ஸ் 9, பக்கத்து மேசைக்காரருக்கு 21, அதனால் உன் கிருமி ஆய்வு வேலை ஒப்பந்தம் நீளுமோ என்னவோ என்றாய். அப்பாவுக்கு விளங்காது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். 9 கட்டுரைகள், ஒவ்வொன்றையும் மற்றக் கட்டுரைகள் குறைந்தது 9 தடவை மேற்கோள் காட்டியிருக்க வேண்டும், அதுதானே? ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் 2005இல் போட்ட கணக்கு. நூலகத்தில் 31 வருஷம் இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது!

கார்ஃபீல்டின் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' தொகுதிகளை அலமாரியில் அடுக்கியவன் நான். செங்கல் கனம், எறும்பு எழுத்து. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம் யார் யார் அதை எடுத்தாண்டார்கள் என்று தேடிப் போகத்தான் 1964இல் அதைக் கொண்டுவந்தார்கள். ஆளை எடை போடும் தராசாக்கியது பின்னால் வந்தவர்கள்.

எங்களிடமும் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு இரவலுக்கும் பின்னட்டைத் தாளில் ஒரு தேதி முத்திரை. வருஷக் கடைசியில் முத்திரை குறைந்த புத்தகங்களைக் கிடங்குக்குக் கட்டுவோம். ஒரு தடித்த கிருமியியல் புத்தகத்துக்கு 3 முத்திரைதான். கயிறு போடும்போது பார்த்தேன்: ஓரம் கறுத்து, முதுகு விட்டு, நடுப் பக்கத்தில் கோப்பிக் கறை. இரவல் எடுக்காமல் மேசையிலேயே உட்கார்ந்து படித்துத் தள்ளியிருக்கிறார்கள். பேசாமல் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்றே மேற்கோள் கிடைத்த உன் கட்டுரையும் அந்த ஜாதி என்றுதான் நினைக்கிறேன். அதிலுள்ள செய்முறையைக் கேட்டு இரண்டு ஆய்வுக்கூடங்கள் உனக்கு எழுதியதாகச் சொன்னாயே.

நீப்பாக் கிருமி வந்தபோது நீ சின்னப் பிள்ளை. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் ஆரம்பித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொசுப்புகை அடித்தார்கள். அது பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இங்கே விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆட்கள். சிரம்பானில் லோரி ஓட்டிய உன் மாமாவை, பின்கட்டுக் குழாயில் குளித்த பிறகுதான் அத்தை உள்ளே விடுவாள். 105 பேர் போனார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நீப்பாதான் அதற்குப் பெயர். (நீ இருக்கும் பிரிஸ்பேனில் 1994இல் வந்த ஹெண்ட்ராக் கிருமியையும் இதையும் சேர்த்துத்தான் 'ஹெனிபா' என்று குடும்பப் பெயர். இரண்டு ஊரும் சம்பந்தி!) அப்புறம் தியோமான் தீவில் கெலுவாங் என்ற பெரிய பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து, சொட்டிய மூத்திரத்தைச் சேகரித்து அதிலும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

டாக்டர் சுவா கிருமியைப் பிரித்தெடுத்த கட்டுரை 'சயன்ஸ்' இதழில் 2000இல் வந்தது. 2001இல் சிலிகுரியிலும் வங்காளதேசத்திலும், 2018இல் கோழிக்கோட்டிலும் நோய் தலைகாட்டியபோது, அதைப் புரட்டாமல் யாராலும் எழுத முடியவில்லை. உங்கள் துறையில் மேற்கோள் எண் மளமளவென்று ஏற வேண்டுமானால் எங்கேயோ ஜனங்கள் படுக்கையில் விழ வேண்டியிருக்கிறது. உனக்கு மூன்றுதான் என்றால், நீ பார்க்கும் கிருமி இன்னும் ஊருக்குள் இறங்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாமே.

எண்ணே பொய் என்று சொல்ல வரவில்லை. நூறு மனுவைப் புரட்டுகிறவனுக்கு ஒரு குறுக்குவழி வேண்டும், கேட்டால் கொடு. ஆனால் ஒரே கட்டுரையை மூன்றாக நறுக்கிப் போடு என்று உன் மேற்பார்வையாளர் சொன்னாராமே, அதைச் செய்யாதே. ஒரு தேங்காயை மூன்று சட்டிக்கு அரைத்தால் மூன்றும் தண்ணீர்தான்.

அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருக்கிறாள். சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், நீயே பேசு. ஒப்பந்தம் பற்றித் தெரிந்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். ஜலதோஷம் ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா