கார் ஷெட்டுக்கு அனுமதி வந்துவிட்டது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே கனடாவில் நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. “ஒரு கார் ஷெட்டுக்கு இத்தனை மாதமா? இரண்டு கொத்தனார், நாலு சித்தாள் இருந்தால் ஒரு வாரத்து வேலை” என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். ஆயுசு முழுக்க ஓவர்சியராக இருந்தவரிடம் ஃபோனில் “பர்மிட் இன்னும் வரலை” என்று மட்டும் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால் இந்தத் தடவை விவரமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டாம், தூங்கிவிடுவாள்.

முதலில் ஒன்று. அனுமதி வந்துவிட்டது. அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது.

வீட்டை ஒட்டினாற்போலக் கட்டுவது என்று முடிவு செய்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இங்கே கட்டட அனுமதிக்கு முன்னால், மனையில் எந்த இடத்தில், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். எங்கள் மனைக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர் விட வேண்டுமாம். கார் நுழைந்து கதவையும் திறக்க வேண்டும் என்றால் எனக்கு 90 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. நம் ஊராக இருந்தால் “சரி, பார்த்துக்கலாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கே அந்த ஒரு முழத்துக்குக் குறைவான இடத்துக்காக ஒரு குழு முன்னால் போய் நிற்க வேண்டும். 60 மீட்டருக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்காரர்களுக்கும் தகவல் போகும். வாசலில் ஒரு பலகை நட்டு, இன்னார் இன்னது கேட்கிறார், விசாரணை இந்தத் தேதியில் என்று எழுதி வைப்பார்கள். பெரியவனுக்கு அந்தப் பலகையைப் பார்த்து ஒரே வெட்கம். பள்ளிக்கூடப் பையன்கள் “உங்க வீட்டை விற்கிறீங்களா” என்று கேட்டார்களாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், காலையில் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பவர். பனி பெய்தால் ஒரு குச்சியைச் செருகி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அதையும் எழுதுவார். போன குளிர்காலம் முழுக்க, நான் எழுந்திருக்கும் முன்பே எங்கள் நடைபாதையிலும் சேர்த்துப் பனியை அள்ளிவிடுவார். நன்றி சொன்னால் பதில் பேச மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். அதே மனிதர்தான் என் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுதிப் போட்டார்! எழுதிப் போட்டுவிட்டு மறுநாள் நேரே வந்து அதன் நகலை என் கையிலேயே கொடுத்தார். உங்கள் மருமகளுக்குக் கோபம் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

விசாரணையில் அவர் கேட்டது ஒரே கேள்வி. கூரையில் இருந்து விழும் பனியும் தண்ணீரும் எந்தப் பக்கம் போகும்? நியாயமான கேள்வி, அப்பா. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். கூரைச் சரிவை முன்பக்கமாகத் திருப்புகிறேன், ஓரத்தில் தண்ணீர்க் குழாய் வைத்து என் தோட்டத்துக்குள்ளேயே விடுகிறேன் என்று சொன்னேன். அதையே நிபந்தனையாகப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். அதற்கப்புறம் மேல்முறையீட்டுக்கென்று 20 நாள் சும்மா காத்திருக்க வேண்டும். அது விதி.

பிளானை நானேதான் வரைந்தேன். தன் சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரரே வரைந்து கொடுக்கலாம் என்று ஒன்டாரியோ சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளியில் ஆள் வைத்து வரையவும் செய்யலாம். எனக்குத்தான் இதெல்லாம் சின்ன வயசிலிருந்து பழக்கமாயிற்றே, எதற்கு வீண் செலவு. மனைப்படம், தளப்படம், நான்கு பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, அஸ்திவாரம் எல்லாம் வரைந்து கொடுத்தேன். விண்ணப்பத்தில் எல்லாத் தாளும் சரியாக இருந்தால் வீட்டு வேலைக்கு 10 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு தாள் குறைந்தாலும் அந்த நாள் கணக்கு ஓடவே ஓடாது. எனக்கு அப்படித்தான் இழுத்தது.

அவர்கள் திருத்தச் சொன்னதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு, படுக்கையறைக்குள் திறக்கவே கூடாது. நான் சின்னப் படுக்கையறை வழியாக வைத்திருந்தேன். காரை உள்ளே ஓடவிட்டால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், விளிம்பில் ரப்பர் வைத்து இடுக்கை அடைக்க வேண்டும், வீட்டுக்குள் அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரமும் வேண்டும். பக்கத்து மனைப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் காட்டியிருந்தேன், அதையும் அடித்துவிட்டார்கள். எல்லைக்கு 1.2 மீட்டருக்குள் வரும் சுவரில் ஜன்னல் கூடாது, ஒரு வீட்டுத் தீ இன்னொரு வீட்டுக்குப் பரவும் என்கிறார்கள். சுவரே மரச் சட்டம்தான், செங்கல் இல்லை என்றால் பரவாமல் என்ன செய்யும்?

தோண்டுவதற்கு முன் ஒரு நம்பருக்குச் சொல்லிவிட வேண்டும். ஆள் வந்து பூமிக்குள் போகிற குழாயும் கம்பியும் எங்கே என்று பார்த்து, புல்வெளியில் கோடு போட்டுக் கொடி நட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர், சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி. இதற்குக் காசு கிடையாது. சின்னவன் மஞ்சள் கொடி இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டான். அவனை அதட்டிவிட்டு, மறுபடி ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அஸ்திவாரம் 1.2 மீட்டர் ஆழம். ஒற்றை மாடிகூட இல்லாத ஷெட்டுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மண்ணில் இருக்கும் ஈரம் குளிரில் உறைந்து, கட்டடத்தையே மேலே தூக்கும். வெயில் வந்ததும் இறங்கும். இரண்டு வருஷம் இப்படி ஏறி இறங்கினால் சுவர் வாய் பிளந்துவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்தில் அடித்தளம் உட்கார வேண்டும். பள்ளம் தோண்டினதும், கான்கிரீட் போடும் முன்னால் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட இரண்டு நாளைக்குள் வந்தாக வேண்டும் என்று அவர்களுக்கும் கட்டுப்பாடு. வந்தவர் சின்னப் பெண். பள்ளத்தில் இறங்கி, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். ஒரு மூலையில் மண் தளர்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் கெட்டி மண் வரும் வரை போகச் சொன்னாள். நாங்கள் சுரண்டி முடிக்கும் வரை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போன பிறகு நான் மட்டும் பள்ளத்துக்குள் நின்றேன். ஈர மண் வாசனை. ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு என்னையும் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போவீர்களே, டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து “அசையாமல் பிடிடா” என்பீர்களே. இங்கே பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு முனையில் செங்கல்லை வைத்துத்தான் அளந்தேன். கொஞ்ச நேரம் மேலே ஏறவே தோன்றவில்லை, அப்பா. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

சுவரும் கூரையும் இனி வசந்தத்தில்தான். குளிர் வந்துவிட்டது, அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அனுமதி கிடைத்து 6 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. நாம் தொடங்கிவிட்டதால் பயமில்லை. அதுவரை கார் வெளியில்தான் நிற்கும். விடியும் முன் கண்ணாடியில் இருக்கும் பனிக்கட்டியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புகிறேன். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறேன், வீட்டில் சும்மா இருந்தால் பொழுது போகவில்லை. இவளுக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொள்கிறோம். வசதியாகத்தான் இருக்கிறது.

சின்னத் தங்கச்சி படிப்புக்கு அனுப்புவதாகச் சொன்ன தொகையை இரண்டு தவணையாக அனுப்பட்டுமா? ஒரே நேரத்தில் அனுப்பினால் வங்கியில் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். கல்லூரியில் கடைசித் தேதி எது என்று அவளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். சுயசான்று முறையில் மாடி எழுப்பப் போகிறேன், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறாராமே. தமிழ்நாட்டில் 2024-லிருந்து அந்த முறை இருக்கிறது, உண்மைதான். 2,500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே சான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். ஆனால் அது கட்டடத்துக்குத்தான். நமக்கும் அவருக்கும் தகராறாக இருக்கிற கிணற்றடி யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. நீங்கள் அவரோடு வாசலில் நின்று சத்தம் போட வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். கண் ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளாயிற்று? சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்களா, நீங்களாக நிறுத்தினீர்களா?

அண்ணனைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பி, அளந்து கல் நட விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பட்டாவையும் கையில் எடுத்துப் போகட்டும். சர்வேயர் வரும் அன்றைக்குச் சித்தப்பாவும் கட்டாயம் இருக்க வேண்டும், அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் “எனக்குத் தெரியாது” என்பார். அளந்த பிறகு கிணறு அவர் பக்கம் வந்தால் விட்டுவிடலாம். நம் பக்கம் வந்தால் அவர் அஸ்திவாரம் தோண்டும் முன்னால் பேசிக்கொள்ளலாம். அத்தையை நடுவில் இழுக்க வேண்டாம்.

தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்தை அண்ணன் ஃபோட்டோ எடுத்து அனுப்பினாரே, அதில் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. நான்கு எல்லை எழுதியிருப்பது மூன்றாம் பக்கம். எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்