புது நைட் ஷிப்ட் நர்ஸ்களுக்கு: முதல் வாரம் பகலில்

எல்லாருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்த நைட் ஷிப்ட் ஆட்கள் வரும் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில்தான் பயிற்சிக்கு வர வேண்டும், காலை 7.30க்கு. ராத்திரி வேலைக்குப் பகலில் எதற்கு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பார்மசி, ஸ்டோர், மெஷின் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் முழுசாக இருப்பது பகலில்தான். ராத்திரி 2 மணிக்கு இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தை அளவாக நரம்பில் ஏற்றும் மெஷின்) அலறும்போது ஓடிப்போய்க் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் இப்போதே கை வைத்துப் பழகுங்கள்.

1. நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, ஆதார் நகல், 2 போட்டோ கொண்டு வரவும்.

2. ஹெபடைட்டிஸ் பி ஊசி 3 டோஸும் முடிந்ததா? அட்டை கொண்டு வரவும்.

3. செவ்வாய் முழுக்க மருந்துதான். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி அளவு தவறினால் ஆபத்தான மருந்தெல்லாம் இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். டாக்டர் போனில் சொல்வதை எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறார்.

4. அந்த வாரம் நைட் டூட்டி கிடையாது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேரத்துக்கு வருவது சிரமம், ஞாயிறே சேலம் வந்துவிடுங்கள். ஹாஸ்டலில் இடம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதவும்.

சனி மாலை 5 மணிக்குள் பெயர், வார்டு இரண்டையும் இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரல் எமோஜி போட்டால் கணக்கில் வராது.