அடுத்த திரையிடலுக்காவது தமிழ் உபதலைப்பு வேண்டும்

மட்டக்களப்பில் உலகத் திரைப்படங்களைத் திரையிடும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். கடந்த திரையிடலில் ‘ஆர்கோ’ என்ற ஹொலிவூட் படம் காட்டப்பட்டபோது திரையின் அடியில் ஓடியது சிங்கள உபதலைப்பு மட்டுமே என்பதையும், இடைவேளையில் பலர் அதுபற்றி முறையிட்டதையும் நீங்கள் அறிவீர்கள். கைவசம் உள்ள பிரதியைத்தான் போட முடியும் என்ற பதிலோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டீர்கள். அது அங்கேயே முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

1979 நவம்பர் 4ஆம் திகதி தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பி வெளியேறிய ஆறு பேரைக் கனேடியத் தூதுவர் கென் டெய்லரும் அவரது சக அதிகாரி ஜோன் ஷியர்டவுனும் தம் வீடுகளில் மறைத்து வைத்ததும், 1980 ஜனவரி இறுதியில் அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ.யின் அதிகாரி டோனி மென்டஸ் அவர்களைப் படப்பிடிப்புக் குழுவினராக வேடமிடச் செய்து விமானத்தில் ஏற்றியதும் நடந்த வரலாறு. ‘ஆர்கோ’ சொல்வது அந்தக் கதையைத்தான். சண்டைப் படமென்றால் மொழி விளங்காமலும் பார்த்துவிடலாம். இப்படத்திலோ யார் எந்த மொழியில் என்ன பொய் சொல்கிறார் என்பதில்தான் ஆறு உயிர்களும் தங்கியிருக்கின்றன.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் குவைத்தில் பல வருடங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஆரையம்பதி அம்மா ஒருவர். தூதுவர் வீட்டுப் பணிப்பெண் சஹாரிடம் காவலர்கள் வாசலில் வந்து விருந்தினர்களைப் பற்றிப் பாரசீக மொழியில் விசாரிக்கும் காட்சி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தப் பிள்ளை காட்டிக் குடுத்திட்டாளா, மகன்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்க, பின்வரிசையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சஹார் பொய் சொல்லி அவர்களைக் காப்பாற்றினாள் என்பதையும், அதனால்தான் கடைசியில் ஈராக் எல்லையைத் தாண்டிப் போகிறாள் என்பதையும் படம் முடிந்து வெளியே வந்த பிறகே அவருக்குச் சொல்ல முடிந்தது. அயல்நாட்டு வீடுகளில் உழைத்த ஒரு பெண்ணுக்கு அந்த மண்டபத்தில் எவரையும் விட நெருக்கமாக இருந்திருக்க வேண்டிய காட்சி அது. அதை அவரிடமிருந்து நீங்கள் பறித்துவிட்டீர்கள். ஆகவே கேட்கிறேன்: தமிழ் உபதலைப்புத் தாருங்கள்.

பிரித்தானியரும் நியூசிலாந்துக்காரரும் அந்த ஆறு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இப்படத்தில் ஒரு வசனம் வருகிறது. உண்மையில் அவ்விரு நாடுகளின் தூதரக அதிகாரிகளும் அவர்களுக்கு உதவியவர்கள். அந்த ஒரு வசனத்துக்காக நியூசிலாந்து நாடாளுமன்றம் 2013இல் தீர்மானம் நிறைவேற்றியது. விமான ஓடுபாதையில் நடக்கும் துரத்தலும் கற்பனையே. இவற்றையெல்லாம் விவாதிப்பதற்கென்றுதான் படத்தின் பின் கலந்துரையாடல் வைக்கிறீர்கள். வசனமே விளங்காதவர்கள் எதை விவாதிப்பது?

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இருந்தும் விளங்காத மொழியில் வரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடும் நிலை எங்களுக்கு இன்னும் தீரவில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பல்லர். ஆனால் ஏறாவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி அதே நிலையை அனுபவிக்க வைத்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு.

சிங்கள உபதலைப்பை நீக்குமாறு நான் கேட்கவில்லை. அதை வாசிப்பவர்களும் நம்மோடு இருந்து பார்க்கட்டும். தமிழையும் சேர்த்துத் தாருங்கள் என்பதே கோரிக்கை. திரையிடவுள்ள படத்தை ஒரு மாதம் முன்னதாக அறிவித்து வசனப் பிரதியையும் தந்தால், கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி மொழிபெயர்ப்புக்கு ஆள் சேர்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம். அடுத்த திரையிடலின் அறிவித்தலிலேயே தமிழ் உபதலைப்பு உண்டா இல்லையா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் பார்வையாளன்,
கல்லடி, மட்டக்களப்பு