செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: கரையில் பொறுக்கியதும் கால்வாயில் வந்ததும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரத்தில் குடியிருப்பவர்கள் கூடி நடத்தும் எமது சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். இவ்வருடம் எம்மை விட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்திவிட்டோம். சென்ற பொதுக்கூட்ட அறிக்கை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்ததுதான், ஆகவே அதை மறுபடி வாசிக்கவில்லை. செயற்குழு மாதந்தோறும் கூடியது, வரவு பரவாயில்லை. சந்தா பாக்கி விஷயத்தைப் பொருளாளர் சொல்வார். அந்தப் பொல்லாப்பு எனக்கு வேண்டாம்.

கரைச் சிரமதானம்

வழக்கம்போல மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்திலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாகத் துப்புரவு செய்தோம். சோளகம் பலமாக வீசிய மாதங்களில் அலை கருங்கல் தடுப்பைத் தாண்டித் தெறித்தபடியால் வேலையை நிறுத்திவைத்து, சர்வதேச கரையோரத் துப்புரவு தினமான செப்டெம்பர் 20ஆம் திகதி மீண்டும் தொடங்கினோம். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் இரு பக்கமும் விசிலோடு ஆள் நிற்கவேண்டும் என்ற விதியை இளைஞர் அணி கண்டிப்பாகக் கடைப்பிடித்தது. மரைன் டிரைவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சிலரும் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பலர் படம் எடுத்துக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்கள். அதுவும் சரிதான்.

முன்பெல்லாம் சேர்ந்த குப்பையைக் கிலோக் கணக்கில் நிறுத்து அறிக்கையில் போடுவோம். ஈர மணலும் கடற்பாசியும் சேர்ந்த எடை எதையும் சொல்லாது என்பதால் இந்த வருடம் தரையில் பழைய தார்ப்பாலினை விரித்து வகைவகையாகப் பிரித்தோம். யோகட் கப், போத்தல் மூடி, மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு, சோற்றுப் பொதி சுற்றும் லஞ்ச் ஷீட் துண்டு, ஷாம்புப் பைக்கெற்று, கட்டி எறிந்த பம்பர்ஸ் என்று குவிந்தது. மீன்பிடி வலைத் துண்டும் நைலோன் கயிறும் இருந்தன, ஆனால் அவை சிறு குவியல்தான். உணவும் மருந்தும் அல்லாத பொருட்களை 20 மில்லிலீற்றருக்குக் குறைந்த பைக்கெற்றில் அடைப்பதற்கு 2021 மார்ச் 31 முதல் தடை இருக்கிறது. ரெஜிபோம் என்ற நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்கும் லஞ்ச் ஷீட்டுக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. தடை செய்த சாமான் கடலுக்கு வருவது நிற்கவில்லை என்பதைத் தார்ப்பாலில் விரித்துப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

இதிலிருந்து செயற்குழு வந்த முடிவு ஒன்று உண்டு. கரையில் கிடப்பதில் பெரும்பகுதி கப்பலிலிருந்தோ வள்ளத்திலிருந்தோ விழுந்ததல்ல. எங்கள் குசினியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் தெருக் கானில் விழுந்து, கிருலப்பனைப் பக்கமிருந்து வரும் கால்வாயில் கலந்து, ஒரு மழையோடு கடலுக்குப் போய், அலையோடு எங்களிடமே திரும்பி வந்தது. கரையை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் கூட்டலாம்.

கால்வாய்

ஆகவே ஆண்டின் பின்பாதியில் கால்வாய்ப் பக்கம் திரும்பினோம். கொழும்புக் கால்வாய்கள் சிலவற்றில் மிதக்கும் தடுப்புகள் போடப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். குப்பையை மறிக்கும் வேலையை அவை செய்கின்றன. மறித்த குப்பையை ஒருவர் அள்ள வேண்டுமே! அள்ளாமல் விட்டால் பெருமழையன்று எல்லாம் தடுப்பின் மேலால் புரண்டு ஒரே நாளில் கடலுக்குள் போகிறது. இதுபற்றி எழுதிய கடிதங்களுக்கு ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அந்த அலுவலகம் முதலாவதைக் காட்டியது. கடிதப் பிரதிகள் கோப்பில் இருக்கின்றன. புதிய செயலாளர் தொடர்ந்து எழுதவேண்டும், விடக்கூடாது.

கழிவுநீர் பற்றியும் அங்கத்தவர்கள் கேட்டார்கள், குறிப்பாக வெள்ளவத்தையில் கடலில் இறங்கலாமா என்று. கொழும்பு நகரின் கழிவுநீர் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் இரண்டு பெருங்குழாய்கள் வழியாகத்தான் காலங்காலமாக வெளியேறி வந்திருக்கிறது. இதைவிட, குழாயில் சேரவேண்டிய கழிவைக் களவாக மழைநீர்க் கானில் விடும் கட்டடங்களும் உண்டு. அந்தத் தண்ணீரில் உள்ள நைதரசனும் பொசுபரசும் கடலில் பாசிக்கு உரம். பாசி பெருகி, செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. மீன் ஒதுங்கிவிடும், ஓட இயலாதவை சாகும். மழைக்கு அடுத்த நாட்களில் கால்வாய் முகத்துக்குக் கிட்ட இறங்கவேண்டாம் என்பதே செயற்குழுவின் ஆலோசனை.

இந்த இடத்தில் ஒரு நல்ல சேதியும் சொல்லவேண்டும். 2018இல் உலகில் முதன்முதலாக ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கால்வாய்த் தண்ணீர் கடலுக்கு வருமுன் அதை வடித்துக் கொடுப்பவை பத்தரமுல்லை, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள்தான். அவற்றை மண் போட்டு நிரப்பினால் முதலில் வெள்ளம் வரும், அப்புறம் கடலுக்குக் கேடு வரும். பத்தரமுல்லையில் காணி தேடும் அங்கத்தவர்கள் இதையும் யோசிக்கலாம்.

கப்பலும் குருணையும்

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் மாதம் அமிழ்ந்தது. அதில் இருந்தவை 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை, அதாவது பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் சிறு மணிகள். உலகில் இதுவரை பதிவான குருணைக் கசிவுகளில் இதுவே பெரியது. நீர்கொழும்பிலிருந்து பாணந்துறை வரை மீன்பிடிக்கத் தடை போட்டார்கள், கடலாமைகள் செத்துக் கரையொதுங்கின, சந்தையில் மீன் வாங்க ஆளில்லாமல் போயிற்று.

2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களில் தீர்ப்பளித்து, கப்பல் தரப்பு ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு வேறு, காசு கைக்கு வருவது வேறு என்றாலும், கடலுக்குச் செய்த கேட்டுக்கும் விலை உண்டு என்று எங்கள் நாட்டு நீதிமன்றம் சொன்னதைச் சங்கம் வரவேற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே வருடம் மே 25ஆம் திகதி கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதிலிருந்த குருணை ஜூன் மாதம் எங்கள் வடக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய படங்களைப் பார்த்து, ‘இதென்ன, பழைய படமோ?’ என்று கேட்டவர்கள் உண்டு.

சரி, எங்கள் கரையில் இன்னும் குருணை இருக்கிறதா? இருக்கிறது. மேல் மணலை ஒரு கை ஆழத்துக்கு அள்ளி வாளியில் போட்டு, கடல் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் போய்விடும், குருணை மேலே மிதக்கும். தேநீர் வடியால் அள்ளலாம். பார்வைக்கு அசல் சவ்வரிசி. வெள்ளையாக இருந்தவை வெயிலில் மஞ்சளித்துவிட்டன, எரிந்து கட்டியானவை கரிய சிறு கற்கள் போலக் கிடக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டியபோது மீனுக்கும் இது முட்டை மாதிரித்தானே தெரியும் என்று ஒரு பிள்ளை சொன்னது. அதுதான் விஷயம். போதாக்குறைக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் நச்சு இரசாயனங்கள் இந்தக் குருணையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், காலம் போகப் போகக் கூடும்.

வெப்பம்

ஒக்டோபரில் நடந்த கலந்துரையாடலுக்குக் கடல்சார் விஞ்ஞானம் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரை அழைத்திருந்தோம். மழை நாளிலும் மண்டபம் நிறைந்தது. எனக்குத் தெரிந்தவரை இவ்வருட நிகழ்ச்சிகளில் மிகவும் பயனுள்ளது இதுதான்.

பச்சைவீட்டு வாயுக்களால் பூமியில் தேங்கும் மிகை வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையும் கடலே உறிஞ்சுகிறது. கைத்தொழிற் புரட்சிக் காலத்திலிருந்து மேற்பரப்புக் கடல்நீரின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. சுண்ணாம்பால் ஓடு கட்டும் சிப்பிக்கும் பவளத்துக்கும் அது கஷ்டம்.

கூட்டத்தில் ஒரு ஐயா எழும்பிக் கேட்டார்: “கடல் சூடானால் மீன் வேற இடத்துக்குப் போகாதோ தம்பி? அதுக்கென்ன, நீந்தத் தெரியும்தானே?”

“மீன் போகும் ஐயா. அதைப் பிடிக்கிறவன் அதன் பின்னால் எவ்வளவு தூரம் போறது? பவளம் எங்க போறது?” என்றார் விரிவுரையாளர்.

பிறகு அவர் விளக்கினார். பவள உயிரியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பவளத்தின் நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அதிலிருந்துதான். வழமையான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. வெப்பம் இறங்கினால் தேறும், இறங்காவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பவளப்பாறையிலும் பெருமளவு அப்படித்தான் அழிந்தது. தேறி வந்ததை 2016 மறுபடி அடித்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலுக்குள் உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் வெளுக்கக்கூடிய வெப்பத்துக்கு ஆளாகியிருந்தது. இரண்டு அடிக்கும் இடையில் மூச்சுவிடும் காலம் குறைந்துகொண்டு போகிறது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. வெப்பத்தை நாங்கள் இங்கிருந்து குறைக்க முடியாது. ஆனால் அழுக்குத் தண்ணீரிலும் வண்டலிலும் கிடக்கும் பவளம் வெப்ப அடியிலிருந்து தேறுவது கடினம், அந்த அழுக்கு எங்கள் கையில் இருக்கிறது என்றார். கால்வாய் வேலைக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை.

டித்வா

நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. களனி கங்கை பெருகி நகரின் ஓரங்கள் மூழ்கின. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்று விரிவுரையாளர் சொல்லி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. டிசம்பர் சிரமதானத்தை நிறுத்தி, அதற்கு ஒதுக்கிய பணத்தை உலர் உணவுக்குச் செலவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு காக்கைத்தீவுக் கரைக்கு உதவிக்குப் போன இளைஞர் அணியினர் மெத்தை, கதிரை, புத்தகங்களோடு ஒரு பாடசாலைப் பை எல்லாம் எடுத்தார்கள். அதைக் குப்பைக் கணக்கில் சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பட்டியலில் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

ஏனையவை

நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பின் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்டவேண்டும் என்ற விதி வந்தது. காலி வீதிக் கடைகளில் துணிப்பையோடு வருபவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடியிருக்கிறார்கள். சங்கம் தைப்பித்த பைகள் முடிந்துவிட்டன. அனுசரணை தர முன்வந்த ஒரு நிறுவனம் துப்புரவு செய்பவர்களுக்குப் பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரும் பெரிய பிளாஸ்டிக் பதாகையும் தருவதாகச் சொன்னது. நன்றி கூறி, பதிலாகக் கையுறை கேட்டோம். பதில் வரவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: கரைச் சிரமதானத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைத்து, மிச்ச ஞாயிறுகளில் கால்வாய்த் தடுப்பைப் பார்த்துப் படத்தோடு பதிவு செய்வது, அந்தப் பதிவை மாநகர சபைக்கும் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்புவது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகாமைக் குழுக்களோடு பேசி, கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று ஒவ்வொரு கட்டடமாகக் கேட்பது. கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு வரும், வந்தே தீரும். இங்கே இருக்கும் சிலரின் கட்டடங்களும் பட்டியலில் உண்டு.

தலைவருக்கும், கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருக்கும் பொருளாளருக்கும், இளைஞர் அணிக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன மூன்றும் தனித்தனித் தீர்மானங்களாக இன்றே வாக்கெடுப்புக்கு விடப்படும்.

செயலாளர்
கொழும்பு 06
ஜனவரி 2026