பெயரை மறைத்து மதிப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லை வட்டாரச் சிறுகதைப் போட்டிகளில் நடுவர்கள் சிலர், பெண் எழுதிய கதையின் மொழியையும் கட்டமைப்பையும் பேசாமல், அது அவருடைய சொந்த அனுபவமா என்றே ஆராய்வது மிகுந்த வேதனை தருகிறது. ஆண் எழுதினால் அத்தகைய கதையே சமூகச் சித்திரமாகப் போற்றப்படுகிறது. 1955 முதல் வழங்கப்படும் சாகித்திய அகாதெமி விருது, தமிழில் ஒரு பெண்ணுக்கு 1973இல்தான் முதன்முதலாகக் கிடைத்தது. அதைப் பெற்ற ராஜம் கிருஷ்ணன், பின்னர் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை நேரில் கண்டறிந்து நாவல் எழுதியவர். பெண்களின் படைப்பைக் கலையாக ஏற்கத் தயங்கும் இதே மனப்போக்கால், பத்தமடைப் பெண்கள் நெய்யும், பட்டுபோல் மடியும் கோரைப்பாயும் இன்றுவரை வெறும் கைவினைப் பொருளாகவே விலை பேசப்படுகிறது. போட்டி நடத்துவோர் முதல் சுற்றிலாவது எழுதியவர் பெயரை மறைத்துப் படைப்புகளை நடுவர்களிடம் தர வேண்டும்.

— ஒரு வாசகர், சேரன்மகாதேவி