ஒகாவாவைப் பயண நிரலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப்போவது பற்றிப் பேச்சு வந்தாலே செலவு, பாதுகாப்பு, சாப்பாடு என்று இந்த மூன்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் புவியியல் ஆசிரியை. போன ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்களோடு ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரைக்குப் போய்வந்தேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் அடித்துப்போட்ட ஊர்கள், அவை எப்படி மீண்டு எழுந்தன என்பதுதான் பாடம். இந்த ஆண்டும் போகப்போகிறோம். ஆனால் நிரல் பேச உட்கார்ந்தபோது ஒரே ஓர் இடத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று பெற்றோர் சிலரும், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆசிரியர்கள் சிலரும் சொன்னார்கள். அந்தச் சுனாமியில் பிள்ளைகள் பலர் இறந்துபோன, இஷினோமாகி நகரில் உள்ள ஒகாவா தொடக்கப்பள்ளி. "பிஞ்சு மனசு தாங்காது, அதற்குப் பதில் டோக்கியோவில் கேளிக்கைப் பூங்காவுக்கு இன்னொரு நாள் கொடுக்கலாமே" என்றார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் பள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை, இப்படிப் பயணம் திட்டமிடும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பயணங்களில் வழக்கமாக எல்லோரும் விரும்பிப் போகும் இடம் கமைஷி என்ற கடலோர நகரம். அங்கே உனோசுமாய் என்ற பகுதியில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியும் ஒரு நடுநிலைப்பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. நிலம் ஆடி முடிந்ததும் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் யார் சொல்லுக்கும் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். மூன்றாவது தளத்துக்கு ஏறியிருந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். முதலில் போய் நின்ற இடத்தில் பின்னாலிருந்த சரிவு இடிந்து விழுந்திருப்பதைப் பார்த்து இன்னும் மேலே, அங்கிருந்தும் இன்னும் மேலே என்று, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று அந்தப் பள்ளிகளில் இருந்த மாணவர்கள் ஏறத்தாழ 570 பேரும் பிழைத்தார்கள். பள்ளிக்கூடங்கள் இருந்த இடத்தில் இப்போது ரக்பி மைதானம் இருக்கிறது. 2019 உலகக் கோப்பை ஆட்டம் அங்கே நடந்தது. இரண்டாவது ஆட்டம் ஹகிபிஸ் சூறாவளியால் ரத்தாகிவிட, ஆட வந்த கனடா வீரர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கிச் சேறு அள்ளினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

சரி, இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் மனசில் என்ன நிற்கும்? ஒழுங்காக ஒத்திகை பார்த்தால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் நிற்கும். ஆனால் அதே உனோசுமாயில், கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஒத்திகையின்போது மக்கள் கூடிப் பழகிய பேரிடர் தடுப்பு மையம் என்ற கட்டடம் ஒன்று இருந்தது. உண்மையான சுனாமிக்கு ஒதுக்கப்பட்ட இடம் அதுவல்ல. பழகிய கால் அங்கேதான் போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்துபோனார்கள். ஓடிப் பிழைத்த குழந்தைகளைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, சில நிமிட நடையில் இருக்கும் இந்த இடத்துக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்காமல் போகும் குழுக்கள் இருக்கின்றன.

இப்போது ஒகாவா. கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே, கிடகாமி ஆற்றங்கரையில் இருந்த பள்ளி. பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். பிள்ளைகளை வரிசையாக விளையாட்டுத் திடலில் உட்காரவைத்தார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது நிமிடம். கடைசியில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மேட்டை நோக்கிக் கிளம்பியபோது ஆற்றுவழியாக ஏறி வந்த அலை அவர்களை மூடிவிட்டது. 74 குழந்தைகள், 10 ஆசிரியர்கள். பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு குன்று இருக்கிறது. பிள்ளைகள் பாடத்துக்காக அங்கே ஏறிப்போய் ஷிடாகே காளான் வளர்த்த குன்று.

இதில் புவியியல் படிக்கிறவர்கள் விடவே கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. சுனாமி எதுவரை வரலாம் என்று முன்கூட்டியே குறித்துவைத்த அபாய வரைபடத்தில் ஒகாவா பள்ளிக்குச் சுனாமி வராது என்று இருந்தது. கமைஷியின் அந்த இரண்டு பள்ளிகளுக்கும் அப்படியேதான் இருந்தது. மூன்றுமே வரைபடத்தில் பாதுகாப்பான இடங்கள். கமைஷிப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர் கட்டாடா தொஷிதாகா சில ஆண்டுகள் முன்பிருந்தே சொல்லிக் கொடுத்துவந்த முதல் பாடமே, முன்கூட்டிப் போட்ட கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதே என்பதுதான். வரைபடத்தில் நிறம் பூசிய எல்லை, போன தடவை எவ்வளவு தூரம் வந்தது, இந்த அளவு நடுங்கினால் எவ்வளவு வரலாம் என்ற கணக்கிலிருந்து வந்த கோடு. அலைக்கு அந்தக் கோடு தெரியாது. வகுப்பறையில் நான் இதை ஆண்டுக்கு ஆண்டு சொல்லிவந்திருக்கிறேன், பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒகாவாவில் நின்றபோதுதான் அது அவர்களுக்குப் புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். வேண்டாம், பார்க்கவே முடியவில்லை என்றவர்களும் உண்டு, இருக்கட்டும் என்று போராடியவர்களும் உண்டு. 2016இல்தான் காப்பது என்று முடிவானது, 2021இல் நினைவிடமாகத் திறந்தார்கள். இரண்டு கட்டடங்களை இணைத்த கான்கிரீட் நடைபாதை முறுக்கிப் போட்ட துணிபோலத் தரையில் கிடக்கிறது. எங்களோடு வந்து விளக்கிச் சொன்ன பெரியவர் பேச்சை முடித்துவிட்டு, குன்றில் ஏறலாமா என்று கேட்டார். ஒரு மாணவன் கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டே நடந்தான். ஓடவில்லை, நடந்துதான் போனான். அலை தொட்ட உயரத்தைத் தாண்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கைப்பேசியை என்னிடம் காட்டினான், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெரியவர் பிள்ளைகளைப் பார்த்து, "உங்கள் ஆசிரியர் உட்காரச் சொல்கிறார், உங்களுக்குக் குன்றுக்குப் போகவேண்டும் என்று தோன்றுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் எங்களுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பிஞ்சு மனசு தாங்கியது. பேருந்தில் அழுதார்கள், அன்றிரவு வெகுநேரம் பேசினார்கள், மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தயங்கி நின்றது பெரியவர்கள் நாங்கள்தான். அங்கே இறந்த பத்துப் பேரும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள், பிள்ளைகள்மேல் பாசம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெற்றோர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதும் அன்றைய ஐம்பது நிமிடத்தைப் பற்றி மட்டும் அல்ல. சுனாமி வந்தால் எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று முன்பே தெளிவாக எழுதிவைக்காததையும், வரைபடம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டதையும் தவறு என்றது. 2019இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. ஒகாவா பள்ளியின் பேரிடர்க் கையேட்டில், போகவேண்டிய இடம் பக்கத்துப் பூங்கா அல்லது காலி இடம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார்களாம். நம்மில் எத்தனை பள்ளிகளின் கோப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறது?

மீட்சி என்று நாம் சொல்வதும் நிரலில் பார்ப்பதுபோல அவ்வளவு வழுவழுப்பாக இல்லை. சுனாமி அழித்த இன்னொரு கடலோர ஊரான ரிகுசென்டகாடாவில் மலையை வெட்டி, ராட்சத கன்வேயர் பெல்ட் போட்டு மண்ணைக் கொண்டுவந்து ஊரையே பத்து மீட்டர் அளவுக்கு உயர்த்தினார்கள். கடலோரம் 12.5 மீட்டர் உயரச் சுவர். பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் மண் கொட்டி முடிப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன, காத்திருந்த பலர் வேறு ஊரில் வேர்விட்டுவிட்டார்கள். உயர்த்திய நிலத்தில் புல் முளைத்த வெறும் மனைகள் வரிசையாகக் கிடக்கின்றன. நிலம் தயார், ஆள் இல்லை. இதையும் பிள்ளைகள் பார்க்கவேண்டும், பேருந்து ஜன்னல் வழியாக இல்லை, இறங்கி நடந்து.

அதனால் நிரல் போடுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கமைஷியையும் ஒகாவாவையும் ஒன்றாக வையுங்கள், ஒன்றை மட்டும் பார்ப்பது பாதிப் பாடம். ஒகாவாவுக்கு அரை நாளாவது கொடுங்கள். மொழிபெயர்ப்புக்கே பாதி நேரம் போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அங்கே பேச வருகிறவர்களில் பலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவர்கள் பேசும்போது பேருந்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கும் நிலைக்கு ஆசிரியர்களைத் தள்ளாதீர்கள். முடியாத பிள்ளை வெளியே உட்காரட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். பூங்காவில் ஒரு நாள் குறைந்தால் குறையட்டும்.

திரும்பி வந்த வாரம், நேரம் குறித்த அந்த மாணவனும் இன்னும் ஐந்து பேரும் எங்கள் பள்ளி வளாகத்தை மட்டக் கருவி வைத்து அளந்தார்கள். ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் போய்க் கூடும் மைதானம்தான் வளாகத்திலேயே தாழ்ந்த இடம், மழைத் தண்ணீர் முதலில் தேங்குவதும் அங்கேதான். படம் வரைந்து, உயரம் எழுதி, நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். போன மாதம் கூடும் இடத்தை மாற்றிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை